கேள்வி பதில்: ஹெட்டுக்குள் ஓடும் மையை யார் பார்த்தது?

போன இதழில் யாருக்கோ பதில் சொல்லும்போது, இங்க்ஜெட் பிரிண்டரின் ஹெட்டில் (மையைத் துளித்துளியாகத் தெளிக்கும் பாகம்) இருக்கும் துளைக்குள் மை ஓடும் வேகத்தைக்கூட அதிவேகக் கேமரா வைத்து அளந்துவிட்டார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அவ்வளவுதான், இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றியே. மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகின்றன, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (பேனர் கடைக்காரர், சுங்கை சிப்புட்): அண்ணே, தைப்பூச நேரத்தில் மெஷின் ராத்திரி பகலாக ஓடுகிறது. பெரிய பேனரில் நீலம் முழுதாக நிரம்புகிற இடம் வந்தால் திடீரென்று வெள்ளைக் கோடு விழுகிறது. கிளீனிங் போட்டால் ஒரு இடம் சரியாகி வேறு இடம் போகிறது. கடுப்பாகி மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால் தானாகவே சரியாக இருக்கிறது! மெக்கானிக் ஹெட் மாற்றச் சொல்கிறார். உள்ளே என்னதான் நடக்கிறது? யாராவது பார்த்திருக்கிறார்களா?

பதில்: தம்பி, அவசரப்பட்டு ஹெட்டை மாற்றிவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய இரண்டு நாசில் செக் (எந்தத் துளை வேலை செய்கிறது என்று பார்க்க அடிக்கும் சோதனை) தாள்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் தாளில் படிப்படியாக இறங்கும் குட்டிக் கோடுகளில், நீல வரிசையின் நடுவில் ஏழெட்டுக் கோடுகள் சேர்ந்தாற்போல் காணவில்லை. சாப்பிட்டு வந்து எடுத்த தாளில் அவை அத்தனையும் திரும்பி வந்துவிட்டன, கீழே வேறு இடத்தில் மூன்று மட்டும் போயிருக்கின்றன. காய்ந்த மை அடைத்திருந்தால் இப்படி இடம் மாறாது. அது காய்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், மெஷினைச் சும்மா போட்டால் இன்னும் இறுகும். ஓய்வு கொடுத்தால் சரியாகிறது, இடம் மாறுகிறது என்றால் என் சந்தேகமெல்லாம் காற்றின் மேல்தான்.

உங்கள் மெஷினில் இருப்பது பியெசோ ஹெட். மின்சாரம் கொடுத்தால் வடிவம் மாறுகிற ஒரு பீங்கான் துண்டு மை நிற்கும் வாய்க்காலின் சுவரை அசைக்கிறது, அந்த அசைவு மைக்குள் அழுத்த அலையாக ஓடித் துளைக்குப் போய்ச் சேர்கிறது. துளையின் விட்டம் சுமார் 20 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது தலைமுடியை விடச் சிறிசு. மை லேசில் அமுங்காது, அதனால் அலை முழு பலத்தோடு துளைக்கு வந்து துளியைத் தள்ளுகிறது. ஆனால் காற்று அமுங்கும். 10, 20 மைக்ரான் அளவுக்கு ஒரு குமிழி உள்ளே புகுந்தாலே போதும், சுவர் தருகிற அழுத்தத்தை அது தானே விழுங்கிக்கொள்ளும், துளைக்கு வந்து சேர மிச்சம் இருக்காது. மை இருந்தும் துளி வராது.

இதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் டுவென்டே பல்கலைக்கழகமும், வென்லோ நகரில் பெரிய பிரிண்டர்கள் செய்த ஓசே நிறுவனமும் (இப்போது கேனன் கையில் இருக்கிறது) சேர்ந்து பல வருடம் இதே வேலையாக இருந்தார்கள். 2006இல் வெளியான ஆய்வுகளில், துளையைச் சுற்றித் தகட்டின் மேல் மெல்லியதாகப் பரவிக் கிடக்கும் மையும், அதில் மிதந்து வரும் அழுக்குத் துகளும் துளையின் வாய்க்கு வந்து சேரும்போது காற்று எப்படி உள்ளே இழுபடுகிறது என்று காட்டினார்கள். ஒவ்வொரு துளிக்கும் மையின் முகப்பு ஒருமுறை உள்ளே வாங்கிவிட்டுத்தான் வெளியே பாய்கிறது. அந்த உள்வாங்குதலில் பிசகு நேர்ந்தால் குமிழி.

புகுந்த குமிழி அதே அளவில் இருப்பதும் இல்லை, அதுதான் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில். மெஷின் ஓட ஓட அழுத்தம் ஏறி இறங்குகிறது. இறங்கும்போது குமிழி ஊதிப் பெருக்கிறது, அதன் மேற்பரப்பு பெரிதாக இருப்பதால் மையில் கரைந்திருக்கும் காற்று அதற்குள் நிறையப் போகிறது. ஏறும்போது சுருங்குகிறது, அப்போது வெளியே போகிற காற்று குறைவு. விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இப்படி நடந்தால் குமிழி வளரத்தானே செய்யும்? நிறுத்திவிட்டால் இந்த ஊட்டம் நின்றுபோகிறது, குமிழி மெல்ல மெல்ல மையில் கரைந்துவிடுகிறது. நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

நீலம் முழுதாக நிரம்பும் இடத்தில் மட்டும் வருவதற்கும் காரணம் இருக்கிறது. எல்லாத் துளையும் ஒரே நேரத்தில் மையைக் கொட்டும்போது, பின்னாலிருந்து வரும் மை ஈடுகொடுக்காவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து துளை வழியாகவே காற்றை இழுக்கும். ஆகவே முதலில் டேம்பர் (ஹெட்டுக்கு முன்னால் மையைத் தேக்கி அழுத்தத்தைச் சமன்செய்யும் குட்டிப் பெட்டி), மைக்குழாய் இணைப்பு, ஃபில்டர் இவற்றைப் பாருங்கள். கிளீனிங்கைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள், குழாய் இணைப்பு லூசாக இருந்தால் பம்ப் இழுக்கிற இழுப்பில் அந்த வழியாக இன்னும் காற்று வரும், மையும் வீண். புது மை பாட்டிலைக் குலுக்கிவிட்டு நுரையோடு அப்படியே ஊற்றுகிற பழக்கம் உங்கள் கடைப் பையனுக்கு இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். (வெள்ளை மையைக் குலுக்கித்தான் ஆகவேண்டும், அடியில் படிந்துவிடும். குலுக்கிய பிறகு நுரை அடங்க நேரம் கொடுங்கள்.) இவ்வளவும் செய்து, அதே துளைகள் அதே இடத்தில் போனால் அப்புறம் மெக்கானிக் சொல்வதைக் கேட்கலாம்.

கேள்வி (படிவம் 5 மாணவி, பீடோர்): ஒரு மைத்துளி துளையிலிருந்து வெளியே வந்து, வால் நீண்டு, அறுந்து, உருண்டையாவதை வீடியோவில் பார்த்தேன். அவ்வளவு தெளிவாக எடுக்க என்ன கேமரா வேண்டும்?

பதில்: பெரும்பாலும் சாதாரணக் கேமரா போதும்மா, ஏனென்றால் நீ பார்த்தது அநேகமாக ஒரு துளி இல்லை. ஆயிரக்கணக்கான துளிகள்.

ஒரு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை ஆளுக்கொரு பிள்ளையை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து, 'ஒரு பிள்ளை வளர்ந்த கதை' என்று ஓட்டிக் காட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் இங்கே நடக்கிறது. ஹெட் ஒரே மாதிரித் துளியைத் திரும்பத் திரும்பத் தள்ளுகிறது. ஒவ்வொரு துளிக்கும் மின்துடிப்பு கொடுத்ததிலிருந்து சரியாக 10 மைக்ரோ விநாடி (ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கழித்து ஒரு எல்இடி விளக்கைக் கண்ணிமைப்பதற்குள் மின்னவிட்டால், கேமராவுக்கு எல்லாத் துளியும் அதே இடத்தில் நிற்பது போலத் தெரியும். அப்புறம் 11 மைக்ரோ விநாடி, 12, 13 என்று தள்ளிக்கொண்டே போய்ப் படங்களை அடுக்கினால் துளி மெதுவாகப் பிறக்கிற வீடியோ தயார். இங்கே கேமராவின் வேகம் பெரிய விஷயம் இல்லை, விளக்கு எவ்வளவு குறைந்த நேரம் எரிகிறது என்பதுதான் விஷயம். துளி விநாடிக்கு 6 மீட்டர் போகிறது என்றால் 1 மைக்ரோ விநாடி வெளிச்சத்தில் அது 6 மைக்ரான் நகர்ந்து மங்கலாகும். 10 பிக்கோலிட்டர் (ஒரு பிக்கோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) துளியின் விட்டமே சுமார் 27 மைக்ரான், அதில் 6 மைக்ரான் மங்கல் என்பது கொஞ்சம் அதிகம். அதனால் டுவென்டே ஆட்கள் 8 நானோ விநாடி (மைக்ரோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நானோ விநாடி) மட்டுமே எரிகிற லேசர் வெளிச்சத்தை ஒளிரும் சாயத்தின் வழியாகப் பரப்பிப் பயன்படுத்தினார்கள். அந்த நேரத்தில் துளி ஒரு மைக்ரானில் இருபதில் ஒரு பங்குதான் நகரும், அதற்கு மேல் தெளிவு வேண்டுமென்றால் ஒளியின் அலைநீளமே இடம் தராது.

இந்த முறைக்கு ஒரு ஓட்டை உண்டு. எல்லாத் துளியும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால்தான் இது உண்மை. ஆர்தர் வொர்திங்டன் என்ற ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டிலேயே பாலும் பாதரசமும் சொட்டி விழுந்து தெறிப்பதை மின்பொறி வெளிச்சத்தில் பார்த்து, ஒரு நேரத்துக்கு ஒரு துளியாகக் கையால் வரைந்துகொண்டே போனார். படங்கள் அத்தனையும் அழகான சமச்சீர். 1890களில் அதையே போட்டோ எடுத்துப் பார்த்தால் தெறிப்புகள் கோணலும் மாணலுமாக இருந்தன. பல துளிகளைப் பார்த்துப் பார்த்து அவர் மனமே கோணலைத் தள்ளிவிட்டு அழகானதை வைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அவரே அதை வெளிப்படையாகச் சொன்னார்.

மேலே பேனர் கடைக்காரருக்கு வந்த குமிழி எப்போதோ ஒருமுறை புகுவது. விளக்கை மின்னவிட்டுக் காத்திருந்தால் அது சிக்காது. அதற்குத்தான் நிஜமான அதிவேகக் கேமரா வேண்டும். விநாடிக்கு 1 கோடி படம் எடுக்கிற கேமராவைக் கடையிலேயே வாங்கலாம், ஜப்பானின் ஷிமாட்ஸு நிறுவனம் செய்கிறது. ஆனால் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு நூறு படம்தான், அதுவும் உன் போன் படத்தின் தரத்தில் கால்வாசிகூட இருக்காது. டுவென்டேயும் ரோட்டர்டாம் நகரின் எராஸ்மஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த பிராண்டாரிஸ் 128 என்ற கேமரா இன்னும் ஒரு படி மேல்: உள்ளே ஒரு கண்ணாடியை ஹீலியம் வாயு சுழற்ற, பிம்பம் 128 சென்சார்கள் மேல் வரிசையாக ஓடும், விநாடிக்கு இரண்டரைக் கோடி படம் என்ற கணக்கில். அதிலும் மொத்தம் 128 படம்தான், சுமார் 5 மைக்ரோ விநாடியில் முடிந்துவிடும்.

கேள்வி (நிபோங் திபால் வாசகர்): என் கைப்பேசியில் விநாடிக்கு 960 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருக்கிறது. அதில் எடுக்க முடியாதா?

பதில்: முடியாது. இரண்டு படங்களுக்கு நடுவில் 1 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் அதிகமாக இடைவெளி இருக்கிறது, அதற்குள் துளி 6 மில்லிமீட்டர் பறந்துவிடும். ஹெட்டுக்கும் பேனர் துணிக்கும் நடுவில் இருப்பதே ஓரிரு மில்லிமீட்டர்தான். உங்கள் போன் அடுத்த படத்தை எடுக்கும்போது துளி விழுந்து பரவி முடிந்திருக்கும். ஸ்லோமோஷனை மறந்துவிட்டு, நல்ல மைக்ரோஸ்கோப் லென்ஸும் மேலே சொன்ன எல்இடி தந்திரமும் வைத்துச் சாதாரண வீடியோ எடுங்கள், அதில் தெரிய வாய்ப்பு உண்டு.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம்): ஐயா, துளி வெளியே வந்த பிறகு படம் எடுப்பது புரிகிறது. ஆனால் துளைக்கு உள்ளே ஓடும் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்? கடைசி வருட புராஜெக்டுக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: நல்ல கேள்வி தம்பி. படம் எடுப்பது வேறு, அளப்பது வேறு. துளைக்குள் தெளிந்த திரவம் ஓடினால் படத்தில் ஒன்றுமே தெரியாது, நின்றாலும் ஓடினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நிஜ மையோ இருட்டு. ஆகவே முதலில் மைக்குப் பதிலாகத் தெளிந்த திரவம், அதற்குள் 1 மைக்ரானுக்கும் சிறிய ஒளிரும் பிளாஸ்டிக் உருண்டைகள். பச்சை லேசர் பட்டால் அவை ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும், கேமராவுக்கு முன்னால் பச்சையைத் தடுக்கும் ஃபில்டரைப் போட்டால் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் எல்லாம் மறைந்து, கறுப்புப் பின்னணியில் புள்ளிகள் மட்டும் மிஞ்சும். அரை மைக்ரோ விநாடி இடைவெளியில் இரண்டு படம் எடு. விநாடிக்கு 5 மீட்டர் போகும் புள்ளி அதற்குள் இரண்டரை மைக்ரான் நகர்ந்திருக்கும். இரண்டு படங்களையும் குட்டிக் கட்டங்களாகப் பிரித்து, இந்தக் கட்டத்துப் புள்ளிக் கூட்டம் அந்தப் படத்தில் எங்கே போனது என்று கணினி தேடிச் சொல்லும். இதை மைக்ரோ பிஐவி என்பார்கள், 1998இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்ல் மெய்ன்ஹார்ட், 2000ஆம் ஆண்டில் ஹாங்ஷெங் ஜாங் என்பவரோடு சேர்ந்து அதை இங்க்ஜெட் ஹெட்டுக்குள்ளேயே செய்து காட்டினார்.

கேட்க சுலபமாக இருக்கும். உட்கார்ந்து செய்தால் முதலில் கண்ணாடியே எதிரியாக வரும். உருண்டையான கண்ணாடிக் குழாய் தானே ஒரு லென்ஸாகிவிடும், உள்ளே இருப்பது வளைந்து பெரிதாகத் தெரியும், சுவரை ஒட்டிய பகுதி காணாமலே போகும். வெளிப்பக்கத்துக்கு வைத்தியம் இருக்கிறது. போரோசிலிகேட் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் (உள்ளே நுழையும் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) 1.47, கிளிசரினுக்கும் அதே 1.47. குழாயைக் கிளிசரின் நிரப்பிய தட்டைப் பெட்டிக்குள் வைத்தால் வெளி வளைவு கண்ணுக்கே தெரியாது. சரி, உள்ளேயும் கிளிசரினை ஊற்றிவிடலாமே என்று தோன்றும். ஊற்றலாம், ஆனால் சுத்தக் கிளிசரின் தண்ணீரை விட ஆயிரம் மடங்குக்கு மேல் பிசுபிசுப்பு, எந்த ஹெட்டும் அதைத் துளியாகத் தள்ளாது. இங்க்ஜெட் மை தண்ணீரை விடப் பத்து, இருபது மடங்கு வரை கெட்டியாக இருக்கலாம், அவ்வளவுதான். தண்ணீர் கலந்து இளக்கினால் ஒளிவிலகல் எண் இறங்கி, உள் சுவரில் வளைவு திரும்ப வந்துவிடும். ஆகவே உள்பக்கத்தைக் கணக்குப் போட்டுத்தான் சரிசெய்யவேண்டும். உன் ரிப்போர்ட்டில் இந்தக் கணக்கு இல்லாமல் வேக அம்புகளை மட்டும் வரைந்து வைத்தால், நான் உன் விரிவுரையாளராக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அளந்து என்ன கிடைக்கும் என்றால், நம் பாடப்புத்தகம் சொல்கிற அந்த அழகான பரவளைவு, நடுவில் வேகம், ஓரத்தில் பூச்சியம் என்று, அது இங்கே சரியாக உட்காராது. திரவம் நின்ற நிலையிலிருந்து 5 மைக்ரோ விநாடிக்குள் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தை எட்டுகிறது என்று வைத்துக்கொள். முடுக்கம் புவியீர்ப்பை விட ஒரு லட்சம் மடங்கு. அவ்வளவு குறைந்த நேரத்தில் சுவரின் இழுப்பு உள்ளே பரவ நேரமே இல்லை. தண்ணீராக இருந்தால் 2 மைக்ரான் ஆழத்துக்குத்தான் பரவும், பத்து மடங்கு கெட்டியான மையில் 7 மைக்ரான். ஆகவே நடுப்பகுதி மொத்தமும் ஒரே கட்டியாக நகரும். வெளியே தள்ளிய திரவம் திரும்ப உள்ளே வாங்கும் கணத்தில்தான் வேடிக்கை. சுவரை ஒட்டிய திரவத்துக்கு வேகம் குறைவு, அழுத்தம் திசை மாறியதும் அது உடனே திரும்பிவிடும். நடுவில் இருப்பது தன் வேகத்தில் இன்னும் வெளியே போய்க்கொண்டிருக்கும். 30 மைக்ரான் துளைக்குள் ஓரத்தில் உள்ளே போகும் ஓட்டம், நடுவில் வெளியே போகும் ஓட்டம், இரண்டும் ஒரே நேரத்தில். துளி எந்த இடத்தில் அறும், வால் எவ்வளவு நீளும், பின்னால் குட்டித் துளிகள் வந்து பேனர் எழுத்தின் ஓரத்தை அழுக்காக்குமா என்பதெல்லாம் இந்தக் கணத்தைப் பொறுத்தது. வெளியே துளியை மட்டும் படம் எடுத்துக்கொண்டிருந்தால் விளைவு தெரியும், காரணம் தெரியாது.

இதிலும் ஒன்றைக் கவனி. ஒரு ஜோடிப் படத்தில் சில புள்ளிகள்தான் விழும், ஆகவே நூற்றுக்கணக்கான ஜோடிகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கவேண்டியிருக்கும். பீடோர் மாணவிக்குச் சொன்ன அதே ஓட்டை இங்கேயும் இருக்கிறது.

இப்போதைய ஹெட்டுகள் பல சிலிக்கானில் செதுக்கியவை, கண்ணாடியே கிடையாது. ஆனால் சிலிக்கான் நம் கண்ணுக்குத்தான் இருட்டு, 1.1 மைக்ரானுக்கு மேற்பட்ட அலைநீளத்தில், அதாவது அகச்சிவப்பில், அது ஜன்னல் மாதிரி திறந்துவிடும். டுவென்டேயில் 2019இல் அந்த வழியாகவே ஹெட்டுக்குள் இருந்த குமிழியைப் படம் எடுத்தார்கள்.

புராஜெக்டுக்கு? உள்ளே அளப்பதை விடு. அந்த லேசரின் விலைக்கு உங்கள் பாலிடெக்னிக் சம்மதிக்காது, அதோடு அது கண்ணுக்கும் ஆபத்து. எல்இடி விளக்கு வைத்து வெளியே துளியின் வேகத்தை அளந்து, மின்துடிப்பின் நீளத்தை மாற்றினால் வேகம் எப்படி ஏறி இறங்குகிறது என்று வரைபடம் போடு. ஒரு குறிப்பிட்ட நீளத்தில் வேகம் உச்சிக்குப் போய் இறங்கும். வாய்க்காலுக்குள் அலை ஓட எடுக்கும் நேரத்தோடு அந்த உச்சி ஒட்டிப்போகும். வாய்க்காலின் நீளம் தெரிந்தால் அங்கிருந்தே உள்ளே ஒலி ஓடும் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம், ஹெட்டைத் திறக்காமலே.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தாப்பா): எங்கள் பள்ளி பிரிண்டர் ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் எழுத்தை விட்டு விட்டு அடிக்கிறது. இதுவும் குமிழியா?

பதில்: இல்லை டீச்சர், அது வெறும் மை காய்ந்துபோவதுதான். துளை வாயில் தண்ணீர் ஆவியாகி மை தடித்துவிட்டது. வாரம் ஒரு நாள் ஒரு வண்ணப் பக்கத்தை அடிக்கச் சொல்லுங்கள். விடுமுறையில் அலுவலகத்துக்கு வருகிறவர் யாராவது இருப்பாரே. மெயின் சுவிட்சை அணைக்காமல் பிரிண்டரின் பொத்தானையே அமுக்கி அணைக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் அது ஹெட்டை மூடியின் மேல் ஒழுங்காக நிறுத்தும்.

உங்கள் பிரிண்டர் மையைச் சூடாக்கித் தள்ளும் வகையாக இருந்தால் அங்கே குமிழிதான் வேலைக்காரன் என்பது இன்னொரு வேடிக்கை. குட்டி ஹீட்டர் சில மைக்ரோ விநாடிக்குள் 300 டிகிரி வாக்கில் சூடாகி, ஆவிக் குமிழி வெடித்துப் பெருத்து மையைத் தள்ளிவிட்டு அடங்கிவிடும். இது ஆவி, அதனால் ஆறியதும் திரும்ப மையாகிவிடுகிறது. பேனர் கடைக்காரரின் காற்றுக் குமிழிக்கு அந்தக் குணம் இல்லை.

கேள்வி (மீண்டும் சுங்கை சிப்புட், பேனர் கடையில் வேலை செய்யும் தம்பி): கேமரா எல்லாம் நமக்கு எதற்கு, உள்ளே காற்று புகுந்ததும் மெஷினே சொல்லாதா?

பதில்: முதலாளியைவிட நீ கெட்டிக்காரன். சொல்லும், சொல்லும்படி செய்திருக்கிறார்கள். பியெசோ துண்டு மின்சாரம் கொடுத்தால் அசையும், அசைத்தால் மின்சாரம் தரும். துளியைத் தள்ளிய பிறகு வாய்க்காலுக்குள் அழுத்த அலை கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் ஓடி அடங்கும், அந்த அதிர்வை அதே பியெசோ துண்டை வைத்தே கேட்டுவிடலாம். குமிழி இருந்தால் அதிர்வின் தாளம் மாறிவிடும். ஓசே ஆட்கள் குமிழி புகும் கணத்தைப் பிடித்ததற்கும் இந்தக் காதுதான் கைகொடுத்தது, பிறகு அதையே பெரிய அச்சு மெஷின்களிலும் வைத்துவிட்டார்கள். எந்தத் துளைக்குக் காற்று வந்திருக்கிறதோ அதை மட்டும் கொஞ்ச நேரம் ஓய்வில் விட்டு, பக்கத்துத் துளையை வைத்து அந்த இடத்தை நிரப்பிவிடலாம், கோடு விழாது. உங்கள் கடையில் இருக்கும் மெஷினில் அந்த வசதி கிடையாது, அதன் கையேட்டைத் தேடிப் பார்த்துவிட்டேன். ஆகவே பெரிய வேலை தொடங்கும் முன்னால் ஒரு நாசில் செக், பாதியில் நிறுத்தி இன்னொன்று, இரண்டு தாளையும் தேதி எழுதி ஃபைலில் போட்டு வை. மெக்கானிக் வரும்போது அந்த ஃபைலை அவர் முன்னால் வை, ஹெட் விலை பேசுவதை அப்புறம் பார்க்கலாம்.